மன இளைப்பாறலுக்காக ஓவியம் பழகினால் அதுவே எரிச்சலைத் தருகிறது: தொடரலாமா, மாற்றலாமா?

தூரிகை (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். நாள் முழுவதும் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பதால், மாலையில் மனம் சற்று இளைப்பாறட்டும் என்று நீர்வண்ண ஓவியம் பழகத் தொடங்கினேன். ஆனால் முதல் பூச்சு காய்வதற்குள் அடுத்த வண்ணத்தை வைத்து, இரண்டும் கலந்து சேற்று நிறமாவதைப் பார்க்கும்போது, அலுவலகத்தில்கூட வராத எரிச்சல் வருகிறது. பிறர் இணையத்தில் இடும் படங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. கலையால் மனஅழுத்தம் குறையும் என்பதெல்லாம் கைத்திறன் உள்ளவர்களுக்கு மட்டும்தானா?

நூல்கண்டு:
கைத்திறனுக்கும் இதற்கும் பெரிய தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை. அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், 39 பேரிடம் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படத்துக்கான தாள்கள் ஆகியவற்றைக் கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யச் சொல்லி, முன்னும் பின்னும் உமிழ்நீரில் கார்டிசோல் என்னும் மனஅழுத்த ஹார்மோனின் அளவைச் சோதித்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பழக்கம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு தென்படவில்லை. சிறிய ஆய்வு, ஒப்பீட்டுக் குழுவும் இல்லை என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள வேண்டாம்.

என் தேர்வு குரோஷே, அதாவது கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை. பின்னல் ஓரிடத்தில் தவறினால் நூலை உருவிவிட்டு அங்கிருந்தே மீண்டும் போடலாம், எதுவும் வீணாவதில்லை. நீர்வண்ணத்தில் அந்தச் சலுகை கிடையாது.

களிமண்:
வெற்றுத்தாளும் உங்கள் சிக்கலுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். பதற்றத்தில் இருந்தவர்களை வண்ணம் தீட்டச் செய்த 2005-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், மண்டலா எனப்படும் வட்டக் கோலவடிவத்தையோ கட்டங்களையோ நிரப்பியவர்களுக்குப் பதற்றம் குறைந்தது. வெற்றுத்தாளில் விரும்பியபடி தீட்டியவர்களுக்கு அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. நாளெல்லாம் முடிவெடுத்துக் களைத்த மூளையிடம் வெற்றுத்தாள் மேலும் முடிவுகளைக் கேட்கிறது என்றே நான் புரிந்துகொள்கிறேன். மண்பாண்டம் வனைவதில் எனக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கையெல்லாம் சேறாக இருப்பதால் கைப்பேசியை எடுக்க முடியாது!

பழுப்பு மை:
மேலே இருவரும் எளிதானதைப் பரிந்துரைக்கிறார்கள். நான் சற்று மாறுபடுகிறேன். அளவுக்கு மீறி எளிதான வேலையில் கை மட்டும் அசையும், மனம் பழைய கவலைக்கே திரும்பிவிடும். முதல் உலகப் போரில் துருக்கியின் டார்டனெல்ஸ் நீரிணையில் ஏற்பட்ட தோல்வியை அடுத்து 1915-இல் பிரிட்டனின் கடற்படை அமைச்சர் பதவியை இழந்து சோர்ந்திருந்த வின்ஸ்டன் சர்ச்சில், தம் நாற்பதாவது வயதில்தான் தூரிகையைத் தொட்டார். பிறகு வாழ்நாளில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ஓவியங்களை வரைந்தார். அவரை ஈர்த்து வைத்திருந்ததில் அந்தக் கலையின் கடினத்துக்கும் பங்கு இருந்திருக்கும் என்றே எண்ணுகிறேன்.

ஆகவே ஓவியத்தை விட வேண்டாம், ஒப்பீட்டை விடுங்கள். சில வாரங்களுக்குப் படம் பிடித்து எங்கும் இடாதீர்கள். ஒரே ஒரு வண்ணத்தை எடுத்துக்கொண்டு, நீரின் அளவை மட்டும் மாற்றி அடர்த்தியிலிருந்து வெளிறல்வரை தீட்டுங்கள். கலந்து சேறாக இரண்டாவது நிறமே இருக்காது. அடுத்த பூச்சுக்கு முன் புறங்கையால் தாளை மெல்லத் தொட்டுப் பாருங்கள். குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்தக் காத்திருப்பில்தான் எனக்குப் பாதி அமைதி கிடைக்கிறது.

தூக்கமின்மையோ படபடப்போ வாரக்கணக்கில் நீடித்தால், பொழுதுபோக்கை நம்பியிராமல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

தூரிகை:
மூவருக்கும் நன்றி. தூக்கம் நன்றாகவே வருகிறது. ஒற்றை வண்ணப் பயிற்சியைச் செய்து பார்க்கிறேன். என்னிடம் இருப்பது படம் வரையும் சாதாரணத் தாள். நீர் பட்டதும் அலை அலையாக நெளிகிறது. அதுவும் ஒரு காரணமா?

பழுப்பு மை:
நிச்சயமாக. நெளிந்த தாளின் பள்ளங்களில் நீர் தேங்குவதால் வண்ணம் சீராகக் காயாது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள நீர்வண்ணத் தாளை வாங்கி, நான்காக வெட்டிப் பயன்படுத்துங்கள். சிறிய தாள் என்றால் செலவும் குறைவு, தயக்கமும் குறைவு.