நம்மட இங்கிலீசுக்கு என்ன பேர் போடுவது?

கல்லடிப் பொடியன்:
ஒலிப்பதிவைக் கேட்டு டைப் பண்ணிக் கொடுக்கிற ஒன்லைன் வேலை ஒன்றுக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பழக்கமான ஆங்கிலம் எது என்று கேட்டு பிரிட்டிஷ், அமெரிக்கன், ஆஸ்திரேலியன், இந்தியன் என்று கொடுத்திருக்கிறார்கள், கடைசியில் 'வேறு' என்று ஒரு பெட்டி. பிரிட்டிஷ் என்று போட்டால் பொய், இந்தியன் என்று போட மனம் வரவில்லை. சிங்லிஷ் என்று எழுதச் சொல்கிறான் கூட்டாளி. என்ன எழுதலாம்?

ஆரையம்பதி டீச்சர்:
தம்பி, சிங்லிஷ் மட்டும் வேண்டாம். வெளிநாட்டில் அது சிங்கப்பூர்க்காரர் கதைப்பது, அங்கே அரசாங்கமே 2000இல் 'நல்ல ஆங்கிலம் பேசுவோம்' என்று இயக்கம் தொடங்கி அதைக் குறைக்கப் பார்த்தது. இங்கேயோ சிங்களத்தை இங்கிலீசு எழுத்தில் டைப் பண்ணுவதற்கும் அதே பேர். தங்லிஷும் சரிவராது, அது இரண்டு மொழியையும் கலந்து கதைப்பது. 'ஸ்ரீலங்கன் இங்கிலிஷ்' என்றே போடுங்கள். மொழியியலாளர்கள் எழுதுகிற பேர் அதுதான், மைக்கேல் மெய்லர் என்பவர் 2007இல் அதற்கு அகராதியே வெளியிட்டார். சிற்றுண்டியைச் சோட் ஈட்ஸ் என்பது, சாப்பாட்டுக்கடையை ஹோட்டல் என்பது, வசனம் முடிய ஒரு 'நோ?' போடுவது எல்லாம் அதில் அடக்கம்.

அக்கரைப்பற்றான்:
டீச்சர், பேர் சரி, ஆனால் அந்தப் பேருக்குள்ளே ஆர் இருக்கிறார்கள்? வீட்டிலேயே இங்கிலீசு கதைத்து வளர்ந்த கொழும்பு ஆக்களின் பேச்சைத்தான் கனகாலமாக அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். 'நொட்', 'பொட்' போன்ற சொற்களில் 'ஓ' ஓசை பிசகினால் 'நொட் பொட் இங்கிலிஷ்' என்று நக்கலடிப்பதும் அவர்கள்தான், அதுவும் ஒரு பேர்தானே! நாம் 'யெஸ்டர்டே ஒன்லி கேம்' என்கிறோம், 'நேற்றுத்தான் வந்தார்' என்பதில் உள்ள 'தான்' அப்படியே இங்கிலீசுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சிங்கள ஆக்களுக்கு அவர்களின் மொழியிலிருந்து வேறொன்று வரும். எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டுவதா?

புளியந்தீவு:
மெதடிஸ்ட் மிஷன் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து பார்த்தால் இருநூறு வருசத்துக்கு மேலாக இங்கிலீசு இங்கே கிடக்கிறது, இன்னும் பேர் கேட்டு நிற்கிறோம். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் வழிவந்த நம்மட பறங்கியர் வீட்டில் கதைக்கிற போர்த்துக்கீசத்துக்கு ஆய்வாளர்கள் ஸ்ரீலங்கன் போர்த்துக்கீஸ் என்று பேர் வைத்துவிட்டார்களே, இதற்கு மட்டும் என்ன தயக்கம்?

ஆரையம்பதி டீச்சர்:
பறங்கியர் கதைப்பது கிரியோல், அதாவது மொழிகள் கலந்து பிறந்த தனி மொழி. லிஸ்பன்காரருக்கு அது இலேசில் விளங்காது. நாம் எழுதுகிற இங்கிலீசை லண்டன்காரர் சிரமமில்லாமல் வாசிப்பார், இரண்டையும் ஒன்றாக வைக்கக் கூடாது. அக்கரைப்பற்றுத் தம்பி கேட்டது நியாயம். ஆனால் பிரிட்டிஷ் என்ற பேருக்குள்ளும் லிவர்பூல், கிளாஸ்கோ, லண்டன் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத பேச்சுகள் கிடக்கின்றன, நாட்டுப் பேர் என்றாலே அப்படித்தான். தமிழர், முஸ்லிம்கள் கதைப்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமென்றால் பக்கத்தில் 'தாய்மொழி தமிழ்' என்று சேர்த்தால் போச்சு.

கல்முனை நெட்:
நீங்கள் எல்லாரும் பேருக்கு அடிபடுகிறீர்கள். கொம்பனி கேட்பது தம்பி எப்படிக் கதைக்கிறார் என்பதை இல்லை, எதைக் கேட்டால் விளங்கும் என்பதை. தம்பி, இந்தியன் பதிவுகள் விளங்குமென்றால் அதையும் டிக் பண்ணுங்க, வேலை கூட வரும்.

கல்லடிப் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி. பெட்டிக்குள் இருபது எழுத்துத்தான் விழுகிறது, 'ஸ்ரீலங்கன் இங்கிலிஷ்' மட்டும்தான் கொண்டது. இந்தியனையும் டிக் பண்ணி அனுப்பிவிட்டேன். டெஸ்ட் ஒன்று வைப்பார்களாம், எந்த நாட்டுப் பதிவு வருமோ தெரியாது.