தொழில்முனைவுப் பாடத்தில் விமர்சனப் பார்வைக்கு இடம் இருக்கிறதா?

ஆசிரியை_கோவை:
எம்.பி.ஏ. மாணவர்களுக்குத் தொழில்முனைவு எடுக்கிறேன். வாய்ப்பைக் கண்டுபிடி, திட்டம் எழுது, முதலீட்டாளர் முன்னால் நின்று பேசு, இதோடு பாடம் முடிந்துவிடுகிறது. ஆரம்பப் பணம் எங்கிருந்து வந்தது, யார் நஷ்டப்பட்டார்கள் என்ற கேள்வியே இல்லை. நெறிமுறைக்குக் கடைசியில் ஒரு வகுப்பு உண்டு, அது பரீட்சைக்கு வராது என்று பிள்ளைகளுக்கும் தெரியும். நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? அவர்களின் ஆர்வமும் கெடக் கூடாது.

நொய்யல்கரை:
மேடம், பக்கத்திலேயே திருப்பூர் இருக்கிறது. அதைப் பனியன் ஏற்றுமதி வெற்றியாக மட்டும் சொல்லாமல் நொய்யல் ஆற்றையும் அதே வகுப்பில் கொண்டுவாருங்கள். சாயக்கழிவு ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கிணறும் நிலமும் கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரை. ஒரு பட்டறையின் லாபக் கணக்கை இரண்டு முறை போடச் சொல்லுங்கள், முதலில் சுத்திகரிப்புச் செலவு இல்லாமல், அப்புறம் அதைச் சேர்த்து. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அத்தனை வருஷம் ஆற்றின் கீழ்ப்பகுதி விவசாயிதான் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அவர்களுக்கே புரியும். நெறிமுறையைக் கணக்குக்குள் வைத்தால்தான் படிப்பார்கள், தனி வகுப்பாக வைத்தால் தூங்குவார்கள்.

பழைய_மாணவன்:
இதோடு மூலதனம் எங்கிருந்து வந்தது என்பதையும் சேருங்கள். ஷரத் சாரி என்ற புவியியல் ஆய்வாளர் திருப்பூரில் செய்த ஆய்வில், தொழிலாளியாகத் தொடங்கி முதலாளியான கவுண்டர் சமூகத்தினர் எல்லாவற்றுக்கும் உழைப்புதான் காரணம் என்கிறார்கள். உழைத்தது உண்மை. ஆனால் பக்கத்து மெஷினில் அதே அளவு உழைத்த பெண்ணை யார் பங்குதாரராகச் சேர்த்துக்கொண்டார்கள், அவருக்கு யார் ஜாமீன் போட்டார்கள்? உங்கள் மாணவர்களில் யாருக்கு வீட்டில் அடமானம் வைக்க நிலம் இருக்கிறது, யாருக்குக் கல்விக் கடன் மட்டும் இருக்கிறது என்பதிலிருந்தே இந்தப் பேச்சைத் தொடங்கலாம்.

பனியன்_கம்பெனி:
தொழில் நடத்துகிறவனாகச் சொல்கிறேன், கணக்கு யோசனை நல்லது, ஆனால் பாதியில் நிற்கிறது. சுத்திகரிப்புச் செலவு ஏறினாலும் வெளிநாட்டு பையர் பீஸுக்குத் தரும் விலையை ஏற்றுவதில்லை, கேட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும் என்கிறார். அந்த நெருக்கடி கடைசியில் ஜாப் ஒர்க்காக, அதாவது கம்பெனிக்காகக் கூலிக்கு வேலை எடுத்துச் செய்பவரின் வருமானத்தில் போய் விழுகிறது. கடையில் அந்தச் சட்டையின் விலையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். உள்ளூர் முதலாளியை மட்டும் குற்றவாளியாக்கி வகுப்பை முடித்தால் அதுவும் பாதி உண்மைதான்.

ஆசிரியை_கோவை:
சரி, மூன்றையும் ஒரே அசைன்மெண்டாக்கி, முதலீட்டாளர் முன்னால் பேசும் பகுதிக்கு உள்ள மதிப்பெண்ணில் பாதியை இதற்குக் கொடுக்கப் போகிறேன். நடுவர்களாக ஒரு விவசாயியையும் ஒரு டெய்லரையும் உட்காரவைக்க ஆசை, துறைத்தலைவர் சம்மதிக்க வேண்டும். யாராவது இப்படிச் செய்திருந்தால் எழுதுங்கள்.