எட்மண்டன் குளிருக்கு எந்த ராஸ்பெரி வைக்கலாம்? கோடைல காய்க்கிற இனம் வேணும்

தக்கலை விளை
எல்லாருக்கும் வணக்கம். எனக்க மவளும் மருமவனும் கனடால எட்மண்டன்ல வீடு வாங்கியிருக்காவ, வீட்டுக்கு பின்னால கொஞ்சம் இடம் கெடக்கு, ஏப்ரல் கடைசில நானும் அங்க போறேன், போனதும் ராஸ்பெரி நடணும்னு மவ ஒத்தக் கால்ல நிக்கா. பேத்திக்கு ஜூலை ஆகஸ்ட்ல லீவு, அந்த நேரத்துல பழம் பறிக்கணுமாம், அதான் கோடை இனம். நர்சரி லிஸ்ட்ல பாய்ன், கில்லார்னி, நோவா, துலமீன், ஹெரிடேஜ்னு கெடக்கு. படத்துல துலமீன் பழம்தான் பெருசா இருக்கு, அதையே வாங்கிரலாம்னு மருமவன் சொல்லுதாரு. ஆனா அங்க குளிரு மைனஸ் 30க்கும் கீழ போவும். நமக்கு ஏத்தன் வாழையும் மட்டி வாழையும் தெரியும், இது புதுசு. ரெண்டு இனம் சேத்து வச்சாதான் காய்க்குமா? வெவரம் தெரிஞ்சவிய சொல்லுங்க.

குலசேகரம் டு வின்னிபெக்
அக்கா, துலமீன் வேண்டாம். பழம் பெருசு, ருசியும் கொள்ளாம், ஆனா அது பிரிட்டிஷ் கொலம்பியால எடுத்த இனம், அந்தக் கடலோரப் பக்கம் குளிரு இவ்வளவு கெடையாது.

கோடை ராஸ்பெரிய நம்ம வாழை மாதிரி நெனச்சுக்கிடுங்க, காய்ச்ச தண்டு அதோட தீந்துரும், பக்கத்துல மொளச்சு வர்ற கன்னுதான் அடுத்தது. ஒரே வித்தியாசம், இந்த வருஷம் மொளைக்கிற தண்டு இந்த வருஷம் காய்க்காது, பனிக்காலம் முழுக்க வெளிய நின்னு தாக்குப்பிடிச்சு அடுத்த ஜூலைலதான் காய்க்கும். தண்டு குளிர்ல பட்டுப்போச்சுன்னா வேரு உயிரோட இருந்தாலும் அந்த வருஷம் பழம் இல்ல. அதனால தண்டு குளிரத் தாங்குமாங்கதுதான் மொதல்ல பாக்கணும், பழம் எவ்வளவு பெருசுங்கது அதுக்குப் பெறவு.

பாய்ன், கில்லார்னி ரெண்டும் இங்க மனிடோபால மோர்டன் ஆராய்ச்சி நிலையத்துல எடுத்தது, 1960லயும் 1961லயும் வெளிய விட்டாவ, ரெண்டுக்கும் தாய் தகப்பன் ஒண்ணுதான். நான் கைகாட்டுறது பாய்ன். பழம் நடுத்தரம், கருஞ்சிவப்பு, நெறைய காய்க்கும், ஜாமுக்கு இத விட்டா வேற வேண்டாம். முள்ளு உண்டு, சுத்திலும் கன்னு வெடிச்சுகிட்டே இருக்கும். சின்னப்பிள்ள பறிக்கும்னா கூட நோவாவும் வைங்க, முள்ளு ரொம்பக் கொறவு, பாய்ன் முடியற நேரத்துக்கு அது பழுக்கும். ரெண்டு இனம் கட்டாயம் இல்ல, ஒத்தையா வச்சாலே காய்க்கும்.

ஒண்ணு மட்டும் பேத்திகிட்ட இப்பவே சொல்லிருங்க, மே மாசம் நட்டா இந்த லீவுக்கு பெருசா ஒண்ணும் கெடைக்காது, அடுத்த கோடைதான்.

மார்த்தாண்டம்
நான் டொரொண்டோ பக்கம் இருக்கேன். இவ்வளவு கஷ்டம் எதுக்கு, ஹெரிடேஜ் வைங்க. அது மொத வருஷத் தண்டுலயே காய்க்கும், குளிருக்கு முன்ன எல்லாத்தையும் தரையோட வெட்டி விட்டுரலாம், தண்டு பட்டுப்போவுமோங்க பயமே இல்ல. எங்க வீட்ல அதுதான்.

குலசேகரம் டு வின்னிபெக்
அண்ணா உங்க ஊருக்கு சரிதான், எட்மண்டனுக்கு ஒத்து வராது. ஹெரிடேஜ் லேட்டா பழுக்கிற இனம், அங்க செப்டம்பர்லயே உறைபனி விழுந்துரும், பாதிப் பழம் பச்சையாவே நிக்கும். அக்கா கேக்குறது ஜூலைக்கு வேற.

பூதப்பாண்டி
இனத்தப் பத்தி சொல்லியாச்சு, எடத்தப் பத்தியும் கேட்டுக்கிடுங்க. உருளைக்கிழங்கு, தக்காளி, கத்தரி, மொளகா போட்ட மண்ணுல வைக்காதீங்க, அதுல வர்ற வெர்ட்டிசிலியம் வாடல் நோய் ராஸ்பெரியயும் பிடிக்கும். பழைய வீட்டுக்காரங்க அங்க என்ன போட்டாவன்னு விசாரிங்க. வெள்ளம் கட்டுற எடமும் ஆவாது, வேரு அழுகிரும். மண்ணு ஒட்டாத வெறும் வேரோட கன்னு வந்தா வேர காய விடாம அன்னைக்கே நடுங்க. முக்கியமா, ஜூலைக்கு மேல யூரியா மாதிரி தழைச்சத்து உரம் போடவே கூடாது, இளந்தண்டா வளந்து அப்படியே குளிர்ல கருகிரும்.

நாகர்கோவில்
இத நம்ம ஊர்ல வைக்க முடியுமா?

பூதப்பாண்டி
முடியாது தம்பி. இந்த இனங்களுக்கு 7 டிகிரிக்கு கீழ பல நூறு மணி நேரம் குளிர் கெடைக்கணும், நாகர்கோவில்ல அதுக்கு வழியில்ல. நீலகிரி, பழனி மலைப்பக்கம் தானா வளர்ற மைசூர் ராஸ்பெரிக்கு அவ்வளவு குளிர் வேண்டாம், பழம் கருப்பா இருக்கும், ஆசைன்னா அதத் தேடிப் பாருங்க.

தக்கலை விளை
ரொம்ப நன்றி. மருமவன்கிட்ட படிச்சுக் காட்டிட்டேன், துலமீன விட்டாச்சு. பாய்ன் நாலு மூடு, நோவா ரெண்டு மூடு வாங்கப்போறோம். எவ்வளவு எடம் விட்டு நடணும்? பழம் காயா பறிச்சு வச்சா பழுக்குமா?

குலசேகரம் டு வின்னிபெக்
மூட்டுக்கு மூடு ரெண்டடி போதும், ரெண்டு வரிசை வச்சா நடுவுல ஆறேழு அடி விடுங்க, இல்லன்னா உள்ள போய்ப் பறிக்க முடியாது. பறிச்ச பெறவு பழுக்காது அக்கா. லேசா இழுத்தா நடுத்தண்ட விட்டு கழண்டு வரணும், வரலன்னா ரெண்டு நாள் விட்டுப் பாருங்க. காய்ச்சு முடிஞ்ச தண்ட மட்டும் தரையோட வெட்டணும், அந்த வருஷம் மொளச்ச பச்சைத் தண்டுல கத்தி படக்கூடாது, அடுத்த கோடைக்கு அதுதான் பழம். மருமவன்கிட்ட இத ரெண்டு வாட்டி சொல்லுங்க.