டாரண்ட் திரையில் பார்த்த ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறதா? பகிருங்கள்

கலவைரோடு:
நானே தொடங்குகிறேன். எங்கள் ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தபோது மாமா ராத்திரி முழுக்கக் கூத்தைப் படம் பிடித்தார். மொத்தம் 6 ஜிபி. சென்னை, ஓசூர், பெங்களூர் என்று சிதறிக் கிடக்கும் சனத்துக்கு அனுப்ப வசதியாக டாரண்டாக (பைலைத் துண்டு துண்டாக்கி, இறக்குகிறவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் முறை) போட்டுவிட்டு, எல்லோரையும் இறக்கிக்கொள்ளச் சொன்னார்.

99.4 சதவீதம் வரை வந்து நின்றது. முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பியர் பட்டியலை, அதாவது இணைப்பில் இருப்பவர்களின் பட்டியலைத் திறந்தபோதுதான் தூக்கிவாரிப் போட்டது. என்னோடு ஏழு பேர் இணைப்பில் இருந்தார்கள். ஏழு பேருக்கும் 99.4. ஒருத்தருக்குக்கூட 99.5 இல்லை. அவரிடம் இருக்கும், இவரிடம் இருக்கும் என்று எல்லோரும் காத்துக்கொண்டிருக்கிறோம்; மீதி யாரிடமுமே இல்லை. பக்கத்துக் கட்டத்தில் அவெய்லபிலிட்டி 0.994 என்று இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதற்குள் மாமாவின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. கேமரா கார்டையும் அடுத்த கல்யாண வேலைக்கு அழித்துவிட்டார்.

துண்டுகளைக் காட்டும் பட்டை முழுக்க நீலம், நடுநடுவே மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடுகள். 1536 துண்டில் 9 இல்லை. ஒரு துண்டு 4 எம்பி, படத்தில் 20 விநாடி போல வரும். அதில் ஒன்று எங்கே விழுந்திருக்கிறது தெரியுமா? இரண்டு பேர் திரை பிடித்து நிற்கிறார்கள். பின்னால் துரியோதனனின் சலங்கைச் சத்தம். திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி மட்டும் அசைகிறது. வாத்தியார் பாட்டை முடித்து வெளியே வரப்போகும் நேரத்தில் படம் உறைந்துவிடுகிறது. மறுபடி ஓடும்போது அவர் களரி நடுவில் ஆடிக்கொண்டிருக்கிறார். வந்த இடம் மட்டும் இல்லை. அந்த வாத்தியார் இப்போது வேஷம் கட்டுவதில்லை.

குடியாத்தம்_பிரவுசிங்:
ஏழு பேர் இருந்தால் எப்படியும் வந்துவிடும், பொறுமையாக இருங்கள் தம்பி. எத்தனையோ டாரண்ட் இப்படி நின்று அப்புறம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

என் கதை வேறு. 256 கேபிபிஎஸ் காலம். கடைக்கு வந்த பையன் ஒருவன் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தை இறக்கச் சொன்னான், 700 எம்பிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் திட்டத்தில் ராத்திரி 2 மணி முதல் காலை 8 மணி வரை கணக்கில்லாமல் ஓட்டலாம். டாரண்டில் வாரத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு சின்னக் கட்டம் இருக்கும் பாருங்கள், அதில் அந்த ஆறு கட்டத்தை மட்டும் பச்சையாக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் 90 சொச்சம். வேகம் நொடிக்கு 30 என்று காட்டியது. பையனின் அப்பா திரையைத் தொட்டுக் காட்டி, “256 என்று போர்டு போட்டிருக்கிறாய், இங்கே 30தான் வருகிறது, மீதியை யார் தின்றது?” என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார். கம்பெனி சொல்வது பிட், டாரண்ட் காட்டுவது பைட், எட்டால் வகுத்தால் 32 வரும் என்று தாளில் எழுதியே காட்டினேன். அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

காட்பாடி_பழைய_ஹாஸ்டல்:
டாரண்ட் இல்லை, டிசி பிளஸ் பிளஸ். ஹப் என்ற பொது இடத்தில் சேர்ந்து, ஒருவர் கணினியில் ஷேர் போட்ட பைல்களை மற்றவர்கள் பார்த்து இறக்கிக்கொள்ளும் மென்பொருள். விடுதியில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹப்பில் நுழைய இத்தனை ஜிபி ஷேர் கட்டாயம் என்பதால் முதல் வருடப் பையன்கள் டி டிரைவை அப்படியே ஷேர் போட்டுவிடுவார்கள். பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் பெரிதாகத் தெரிவதில் ஒரு பெருமையும் உண்டு.

ஒரு ராத்திரி ஏதோ பாடப் புத்தகம் தேடி ஒருவனுடைய பைல் லிஸ்டைத் திறந்தேன். சினிமாவுக்குக் கீழே ‘அக்கா கல்யாணம்’ என்று ஒரு போல்டர். உள்ளே போட்டோக்கள், அதற்கும் கீழே அப்பாவின் பாஸ்புக் ஸ்கேன், நகை அடகு வைத்த ரசீது, எல்லாம் பெயர் போட்டு வரிசையாக. ஹப்பில் இருந்த அத்தனை பேராலும் இதைத் திறந்து பார்க்க முடியும். எதையும் இறக்காமல் மூடிவிட்டு நேராக அவன் அறைக்குப் போய்க் கதவைத் தட்டினேன். லிஸ்டை அவன் கணினியிலேயே திறந்து காட்டியதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. “எனக்குத் தெரிவது மொத்த ஜிபி மட்டும்தான் அண்ணா” என்றான். உண்மைதான். ஷேர் செய்தவனுக்கு ஒரு எண், பார்க்கிறவனுக்கு முழு வீடு. அந்த ரசீதை எனக்கு முன்னால் யார் யார் பார்த்தார்கள் என்பது அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

சத்துவாச்சாரி_அக்கா:
குடியாத்தம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். “ஏழு பேர் இருந்தால் வந்துவிடும்” என்பது தவறு. அந்தத் தம்பியை வீணாகக் காத்திருக்க வைக்கிறீர்கள்.

அவெய்லபிலிட்டியில் புள்ளிக்கு முன்னால் இருப்பது, மிக அரிதான துண்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்ற கணக்கு. அங்கே பூஜ்யம் என்றால் ஏதோ ஒரு துண்டு யாரிடமும் இல்லை. புள்ளிக்குப் பின்னால் வருவது, அதைவிட அதிகப் பிரதி உள்ள துண்டுகள் எவ்வளவு என்பது. ஏழு பேர் இருந்தாலும் எழுபது பேர் இருந்தாலும், எல்லோரிடமும் அதே 9 துண்டு இல்லையென்றால் 0.994தான். ஆள் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், இந்த எண்ணைப் பாருங்கள். ஒன்றைத் தொட்டால்தான் முழுப்படம் கூட்டத்தில் இருக்கிறது. ஒரே பைல் எல்லோருக்கும் ஒரே இடத்தில் நிற்பதற்கும் காரணம் உண்டு. குறைவாகப் பரவிய துண்டைத்தான் இந்த மென்பொருள்கள் முதலில் இழுக்கும். அதனால் மாமாவின் கணினியிலிருந்து வெளியே வந்த துண்டெல்லாம் உங்கள் ஏழு பேருக்குள் சீக்கிரமே சமமாகிவிட்டது. வராமல் போன 9 மட்டும் அங்கங்கே ஓட்டையாக நிற்கிறது.

சரி, என்ன செய்யலாம்? அந்த ராத்திரியே பென்டிரைவில் நேரடியாக காப்பி வாங்கிப்போனவர் யாராவது இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால் அந்த பைலை அதே பெயரில், அதே போல்டரில் வைத்து, போர்ஸ் ரீசெக் (இருப்பதை மறுபடி சரிபார்க்கும் கட்டளை) கொடுங்கள். உங்களிடம் இருப்பதை முதலில் வேறு இடத்தில் காப்பி எடுத்து வைத்துவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹாஷ், அதாவது கைரேகை மாதிரி ஒரு குறியீடு, டாரண்ட் பைலிலேயே எழுதியிருக்கும். பொருந்தினால் ஏற்றுக்கொள்ளும், யார் கொடுத்தது என்று பார்க்காது. உங்களுக்கு முழுமையானால் மற்ற ஆறு பேருக்கும் தானாகப் போய்விடும். ஆனால் வாட்ஸாப்பில் வீடியோவாக வந்ததோ யூடியூபில் இறக்கியதோ உதவாது. சுருக்கி மாற்றிய படத்தில் ஒரு துண்டும் பொருந்தாது. “என்னிடம் முழுசா இருக்கு, போல்டரில் 6 ஜிபி காட்டுது” என்று யாராவது சொன்னாலும் உடனே நம்பாதீர்கள். பல மென்பொருள்கள் முதலிலேயே முழு இடத்தையும் பிடித்து வைத்துவிடும், உள்ளே வெறுமையாக இருந்தாலும் அளவு முழுசாகத்தான் தெரியும்.

என் அனுபவம் சின்னது. 2012ல் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்றே தெரியாது இல்லையா. டெபியன் (உபுண்டு மாதிரி இன்னொரு இயங்குதளம்) டிவிடி 97ல் இருக்கும்போது கரண்ட் போனது. வந்ததும் ‘செக்கிங்’ என்று ஓடி 88ல் நின்றது. திரையில் வந்த துண்டெல்லாம் வட்டில் எழுதப்படவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கலவைரோடு:
அக்கா, நன்றி. திமிரியில் மத்தளக்காரர் வீட்டுக்கு அன்றைக்கு ஒரு பென்டிரைவ் போனதாக அம்மா சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.

தோட்டப்பாளையம்_லாட்ஜ்:
வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ்களில் வைஃபை வேலை பார்க்கிறேன். வங்காளத்திலிருந்து, வடகிழக்கிலிருந்து வந்து மாதக்கணக்கில் இருப்பார்கள். ராத்திரி ஆனால் எல்லா அறையிலிருந்தும் ஊருக்கு வீடியோ கால் போகும். ஒரு லாட்ஜில் யாருக்கும் வீடியோ கால் அறுபடாமல் போகவில்லை. ரவுட்டரில் பார்த்தால் ஒரே அறை மொத்த அப்லோடையும் எடுத்துக்கொண்டிருந்தது.

போய்ப் பார்த்தேன். மகனுக்கு ஆபரேஷன் முடிந்து ஐசியுவுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் அறைக்குத் திரும்பிய அப்பா. லேப்டாப்பில் எதுவுமே திறந்திருக்கவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் சின்ன ஐகான் மட்டும். அதைத் தொட்டதும் ஜன்னல் விரிந்தது. டவுன்லோட் கட்டம் காலி, அப்லோட் கட்டத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கிறது. பெருக்கல் குறியை அழுத்தி மூடிவிட்டதாகத்தான் அவர் நினைத்திருந்தார். இந்தியில் “என்னாலா எல்லோருக்கும் போன் போகவில்லை?” என்று கேட்டார், அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எவ்வளவு புரிந்ததோ தெரியவில்லை.

குடியாத்தம்_பிரவுசிங்:
அக்கா சொன்னது சரி, அந்த எண்ணை நான் கவனித்ததே இல்லை.

லாட்ஜ் தம்பி, உங்கள் முதலாளி டாரண்டையே தடுக்கச் சொன்னால் கேட்காதீர்கள். ரவுட்டரில் அறைக்கு இவ்வளவு அப்லோட் என்று வரம்பு வையுங்கள், போதும். டாரண்டிலும் அப்லோட் வரம்பு இருக்கிறது. பல மென்பொருள்களில் பூஜ்யம் போட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம், அதனால் 10, 20 என்று ஏதாவது போட்டுக்கொடுங்கள்.