தடைக்காலத்தில் வந்த சர்வே லிங்க்: எங்கள் சொந்தங்கள் குழுவில் பேசியது

குழு: தங்கச்சிமடம் சொந்தங்கள்
ஏப்ரல் 28

மேலத்தெரு மதினி, காலை 10:42
(பலமுறை பகிரப்பட்டது)
வீட்டிலிருந்தே தினம் 3,000 ரூபாய்! சர்வே நிரப்பினால் போதும். பதிவுக் கட்டணம் 499 மட்டுமே. இன்னும் 20 இடங்கள்தான்!

மேலத்தெரு மதினி, 10:43
இது நல்லதா, யாராவது பார்த்துச் சொல்லுங்கள். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளில் இன்றோடு 14 நாள்தான் போயிருக்கிறது. அவர் கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். கூலி வேலைக்குப் போகாத நாளில் நான் சும்மாதானே இருக்கிறேன்.

நான், 10:50
மதினி, அந்த லிங்க்கைத் தொடாதீர்கள். 499 கட்டிவிடாதீர்கள். சர்வே என்றால் அவர்கள்தான் நமக்குக் காசு தர வேண்டும். நம்மிடம் முதலில் கேட்கிறவன் சர்வே நடத்துகிறவன் இல்லை.

கரையூர் அண்ணன், 10:52
அப்போ சர்வேயில் காசு வருவதே பொய்யா? நீ எட்டு மாதமாகச் செய்கிறாயே தங்கச்சி.

நான், 11:04
பொய் இல்லை அண்ணே. ஒரு சோப்புக் கம்பெனி புது வாசனை போட நினைத்தால், வாங்குகிற ஜனம் என்ன நினைக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்கு ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் காசு கொடுக்கும். பதில் சொல்கிற நமக்கு அதில் ஒரு சின்னப் பங்கு, பாயின்ட்டாக வரும். குறிப்பிட்ட அளவு பாயின்ட் சேர்ந்த பிறகுதான் பணமாகவோ கூப்பனாகவோ எடுக்க முடியும். கூகுள் ஒபினியன் ரிவார்ட்ஸ் மாதிரி சிலதில் நம் நாட்டில் பணமே கையில் வராது, ப்ளே ஸ்டோரில் செலவு செய்யும் கிரெடிட்தான்.

என் நோட்டில் மார்ச் மாதக் கணக்கு இருக்கிறது. 22 மணி நேரம் உட்கார்ந்தேன், கைக்கு வந்தது 610 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 28 ரூபாய்கூட முழுதாக இல்லை. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்க ஆகும், போனுக்கு ரீசார்ஜ் ஆகும். அரிசி பருப்புக்கு இதை நம்பக் கூடாது.

மண்டபம் தம்பி, 11:07
அக்கா, எனக்கு ஆரம்பித்த இரண்டு நிமிடத்தில் "நீங்கள் இந்த சர்வேக்குத் தகுதி பெறவில்லை" என்று வெளியே தள்ளிவிடுகிறது. ஏன்?

நான், 11:15
எல்லோருக்கும் அதுதான் தம்பி, அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். முதல் நான்கைந்து கேள்வி ஆள் பொறுக்குவதற்கு. கடந்த ஆறு மாதத்தில் விமானத்தில் போனீர்களா? வீட்டில் கார் உண்டா? நாம் இல்லை என்று அழுத்தினால் அதோடு முடிந்தது. அந்த இரண்டு மூன்று நிமிடத்துக்கு பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது பட்டணத்தில் பொருள் வாங்குகிற ஆள். டீத்தூள், சோப்புத்தூள், பற்பசை பற்றிய சர்வே என்றால் நமக்கும் முழுதாகக் கிடைக்கும். பாதிக்கு மேல் ஆங்கிலத்தில்தான் வரும், அதையும் மனதில் வை.

மண்டபம் தம்பி, 11:16
கார் இருக்கிறது என்று போட்டுவிட்டால்?

நான், 11:21
வேண்டாம். என் நாத்தனார் மகன் போட்டான். எந்த வண்டி, எந்த வருடம் வாங்கியது, சர்வீஸ் எங்கே விடுகிறீர்கள் என்று அடுத்தடுத்துக் கேட்டது. அடுத்த வாரம் வேறொரு சர்வேயில் மறந்துபோய் பைக் மட்டும் என்று போட்டான். கணக்கை மூடிவிட்டார்கள், சேர்த்த பாயின்ட்டும் போனது. நடுவில் "இந்த வரியில் நான்கு என்பதை அழுத்தவும்" என்று சும்மா ஒரு கேள்வி வைத்திருப்பார்கள், படிக்கிறோமா என்று பார்க்க. ஒருநாள் இரவு 11 மணிக்குக் கண் சொக்கி அதைத் தவறவிட்டேன். 25 நிமிட வேலை, ஒரு பாயின்ட் இல்லை.

பாம்பன் சித்தி, 11:24
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பாம்பன் சித்தி, 11:26
ஒன்று கேட்கிறேன். அவர்களே முதலில் நமக்கு 150 ரூபாய் போட்டார்கள் என்றால் அது நல்ல இடம்தானே?

நான், 11:26
சித்தி, யார் போட்டது? எப்போது?

பாம்பன் சித்தி, 11:31
நேற்று மூன்று சர்வே முடித்தேன், 150 வந்தது. நிஜமாகவே வந்ததால் நம்பினேன். இன்று காலை பெரிய வேலை வேண்டுமானால் 2,000 போடச் சொன்னார்கள். போட்டேன். 2,800 ஆகிவிட்டது என்று திரையில் காட்டியது. அதை எடுக்க இன்னும் 5,000 போட வேண்டுமாம். அதையும் 9 மணிக்குப் போட்டுவிட்டேன். இப்போது 12,000 கேட்கிறார்கள். சித்தப்பாவுக்குத் தெரியாது. இன்ஜின் வேலைக்கு வைத்திருந்த காசு.

அத்தை, 11:32
அய்யோ மாதாவே.

நான், 11:33
சித்தி, இனி ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது. அந்த 150 தூண்டிலில் குத்திய இரை. திரையில் தெரிகிற 2,800 வெறும் எழுத்து.

உடனே 1930 எண்ணுக்கு அடியுங்கள், ஆன்லைன் பண மோசடிக்குப் புகார் சொல்கிற எண் அது. லைன் கிடைக்காவிட்டால் விடாமல் அடியுங்கள். பணம் போய் இரண்டரை மணி நேரம்தான் ஆகிறது. நீங்கள் சொன்னதும் பணம் போன வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் இன்னும் எடுக்காமல் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். நேரம் போகப் போக வேறு வேறு கணக்குக்கு மாற்றிவிடுவான். அழுதுகொண்டு உட்காராதீர்கள், அழ பிறகு நேரம் இருக்கிறது.

மண்டபம் தம்பி, 11:35
சித்தி, பணம் அனுப்பிய செயலியில் அந்த இரண்டு அனுப்புதலையும் திறந்தால் 12 இலக்க யுபிஐ எண் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், கேட்பார்கள். அவர்களோடு பேசிய சாட்டை அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உங்கள் வங்கிக்கும் ஒரு போன்.

பாம்பன் சித்தி, 11:38
ஓடிபி கேட்டால் சொல்லலாமா?

நான், 11:38
யாருக்கும் சொல்லாதீர்கள். பின் நம்பரும் அப்படித்தான். காசு நமக்கு வருவதற்கு பின் நம்பர் போடவே தேவையில்லை. உங்கள் காசைத் திருப்பித் தருகிறேன் என்று எவனாவது கூப்பிட்டாலும் எடுக்காதீர்கள்.

பாம்பன் சித்தி, மதியம் 12:19
நாலாவது தடவை கிடைத்தது. புகார் எண் மெசேஜில் வந்துவிட்டது. கிடைக்குமா என்று கேட்டேன், உறுதி சொல்ல முடியாது என்றார்கள்.

கரையூர் அண்ணன், 12:22
சித்தி, நாளை ராமநாதபுரம் சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். சித்தப்பாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள். வேறு யாரோ சொல்லி அவர் காதில் விழக் கூடாது.

பாம்பன் சித்தி, 12:25
எப்படிச் சொல்வேன்.

நான், 12:27
நான் வருகிறேன் சித்தி. பக்கத்தில் இருக்கிறேன், நீங்கள் சொல்லுங்கள். சாயங்காலம் 5 மணி பஸ்ஸில் ஏறுவேன்.

மேலத்தெரு மதினி, 12:30
நான் அந்த லிங்க்கை அழித்துவிட்டேன். இதை எனக்கு அனுப்பிய மூன்று பேருக்கும் சொல்லிவிட்டேன். நானும் வருகிறேன், எனக்கும் சேர்த்து இடம் பிடி. உன் நோட்டையும் எடுத்து வா, அந்த 28 ரூபாய் வேலையை எங்கே செய்கிறாய் என்று பார்க்கிறேன். நெத்திலிக் கருவாடு காய்ந்து கிடக்கிறது, சித்திக்குக் கொஞ்சம் கட்டிக்கொண்டு வருகிறேன்.