புதுப்பிப்பு: அக்காவுக்குப் பெனிசிலின் அலர்ஜி இல்லை

பல் பிடுங்கிய மறுநாள் அக்காவின் உதடும் நாக்கும் வீங்கியதையும், பெனிசிலின் வகை மருந்தான அமாக்சிசிலின்தான் காரணம் என்று ஃபைலில் சிவப்பு மையில் 'பெனிசிலின் அலர்ஜி' என எழுதிவிட்டதையும் முன்பு சொல்லியிருந்தேன். அவளுக்குப் பரம்பரை ஆஞ்சியோஎடிமா (உடம்பில் அங்கங்கே திடீரென வீங்கும் பரம்பரை நோய்) இருப்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

சரி, போன வாரம் அலர்ஜி மருத்துவரைப் பார்த்தோம். அவர் முதலில் கேட்டது, "தடிப்பு, அரிப்பு இருந்ததா?" இல்லை. வீக்கம் வடிய 3 நாள் ஆனது, அலர்ஜி ஊசிக்கும் கேட்கவில்லை. இந்த நோயில் வீக்கத்தைக் கிளப்புவது அலர்ஜியில் உடம்பு சுரக்கும் ஹிஸ்டமின் அல்ல, பிராடிகினின் என்ற வேறொரு பொருள். அதற்குப் பல் பிடுங்குவதே போதுமாம்! பெனிசிலின் அலர்ஜி என்று எழுதப்பட்டவர்களைச் சோதித்தால் 10 பேரில் சுமார் 9 பேருக்கு அது இருப்பதில்லை என்றும் சொன்னார்.

தோல் பரிசோதனையில் எதுவும் தடிக்கவில்லை. அப்புறம் அமாக்சிசிலின் கொடுத்து உட்கார வைத்தார்கள். அக்கா கைக்கண்ணாடியில் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏசிஇ தடுப்பான் வகை ரத்த அழுத்த மாத்திரையும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் மருந்தும் அவளுக்கு இன்னமும் கூடாது. அவை அலர்ஜி இல்லை, வீக்கத்தைத் தூண்டுபவை. உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால் தயவுசெய்து நீங்களாக மாத்திரை போட்டுப் பார்க்காதீர்கள், மருத்துவமனையில் வைத்துத்தான்.