செக்கிங்குக்கு முந்தின ராத்திரி

கோத்தகிரி பக்கம் எங்கள் கோயிலுக்குக் கிறிஸ்துமஸ் பெயின்ட் அடிக்க வந்தவர்களில் ஒருவர் பவானிசாகர் இலங்கை அகதிகள் முகாம்காரர். எங்கள் வீட்டில்தான் தங்கினார். கமிட்டியில் ஓர் அண்ணன் கேட்டார்: "அகதிய வீட்ல வச்சிருக்கியே, கேஸ்னு வந்தா சபை பேரு என்னாகும்? அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி பைபிள்ல ரோமர் 13ல இருக்குல்ல?" அந்த அண்ணன் கெட்டவர் இல்லை. பயந்தார். எனக்கும் பயம்தான்.

ராத்திரி அப்பாயி, வீட்டில் தங்கியிருந்தவரிடம் ஊர் விசாரித்தாள். இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமாம். அப்பாயியும் அட்டன்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் இரண்டு குடும்பங்களையும் நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இரண்டு வீட்டிலும் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். அப்பாயிக்குப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இங்கே அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயில் கொழுந்து பறிக்க வந்தாள். அவருடைய தாத்தாவின் முறை வருவதற்குள் சண்டை மூண்டு கப்பலே நின்றுவிட்டது. 1990இல் படகில் வந்தார்கள். கப்பலில் வந்தவள் குடிமகள், படகில் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி.

அப்பாயி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் சாமி, வரிசையில நான் முன்ன நின்னேன், அவ்வளவுதானா?" என்றாள்.

மறுநாள் முகாமில் ஆள் சரிபார்க்கும் செக்கிங். ஆள் இல்லையென்றால் அரசு தரும் மாதப் பணக்கொடை நிற்கும். விடியும்போது குஞ்சப்பனையில் மண் சரிந்து பஸ் இல்லை. குன்னூர் சுற்றி பைக்கில் கூட்டிப்போனேன். போய்ச் சேர்ந்தபோது செக்கிங் முடிந்திருந்தது. "என் வீட்டில் தங்கினார், தாமதத்துக்கு மழைதான் காரணம்" என்று வருவாய் ஆய்வாளரிடம் (ஆர்.ஐ.) என் விலாசத்தோடு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்கியது. எதையும் மறைக்கவில்லை, பொய்யும் சொல்லவில்லை. ரோமர் 13ஐ எனக்கு அப்படித்தான் படிக்க முடிகிறது.

~

அண்ணே, நீங்கள் மேலே எழுதியதைப் படித்துவிட்டுக் கூடலூரிலிருந்து எழுதுகிறேன். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கு இடமுண்டு. இலங்கையிலிருந்து வந்த கிறிஸ்தவருக்கு இல்லை. பட்டியலில் 'கிறிஸ்தவர்' என்ற சொல் இருந்ததே போதும் என்று எங்கள் சபையில் பலர் பேசாமல் இருந்தோம். நானும் பேசவில்லை. அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது.

முகாமில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் உறவுக்காரர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் ஆராதனைக்கு வருவாள். குடியுரிமைச் சட்டம் மாறிய 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவள், அப்பா அம்மா இருவரும் அகதிகள். இந்த மண்ணில் பிறந்தும் குடியுரிமை கிடையாது. கல்லூரி விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி, "நாடுன்னு கேட்டிருக்கு, என்னக்கா எழுத?" என்றாள். மற்ற எல்லாக் கட்டங்களையும் நிரப்பிக் கொடுத்தேன்.